தில்லையும் நந்தியாவட்டையும்

ஜனவரி 6, செவ்வாய்

கண் ஆஸ்பத்திரி நர்ஸ் இந்த நோட்டைக் கொடுத்து, எந்த நேரத்துக்கு எந்தச் சொட்டு விட்டேன், வலி எப்படி, நீர் வடிகிறதா, அதை மட்டும் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். மட்டும் எழுதுவது எனக்கு வராது. பத்தாவது பரீட்சையிலேயே கேட்டதற்கு மேல் இரண்டு பக்கம் எழுதி வைத்துவிட்டு வந்தவள் நான். எழுதாவிட்டால் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடந்தே செத்துப்போவேன். அதனால் எழுதுகிறேன்.

நடந்தது இது. என் வீட்டுக்காரர் உத்திராபதி, எங்கள் ஊர் அலையாத்திக் காட்டில் வனத்துறைக் காவலர். நிரந்தரமில்லை, ஒப்பந்தம். நேற்றுக் காலையில் அவரும் கூட வேலை பார்க்கும் ஜெகபர் அலியும் படகில் போயிருக்கிறார்கள். வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு தில்லைக்கிளை முறிந்து கிடந்திருக்கிறது. இவர் அரிவாளால் வெட்டியிருக்கிறார். தில்லையில் பால் தெறிக்கும், அது கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குத்தான் தெரியாது. இருபது வருஷமாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெட்டுகிற மனுஷன், நேற்று கண்ணாடியை ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். பால் வலது கண்ணில் பட்டுவிட்டது.

இடது கண்ணில் பட்டிருந்தால் நான் இவ்வளவு பதற மாட்டேன். அது சின்ன வயதில் கிட்டிப்புள் பட்டுப் போன கண். அதில் நிழல் அசைவதுதான் தெரியும். இவர் பறவை பார்த்ததும், படகு ஓட்டியதும், என்னைப் பெண் பார்த்ததும் வலது கண்ணால்தான்.

ஜெகபர் அண்ணன் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீர் முழுவதையும் அந்தக் கண்ணில் ஊற்றியிருக்கிறார். அதுதான் காப்பாற்றியது என்றார் டாக்டர் சுகிர்தா. சின்ன வயதுப் பெண். நிதானமாகப் பேசுகிறார். பத்துப் பதினைந்து நாளில் ஆறிவிடும் என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நான் குடுத்த சொட்டைத் தவிர வேற எதுவும் அந்தக் கண்ணு பக்கத்துல போகக் கூடாது. தண்ணிகூட" என்றார். நான் தலையாட்டினேன்.

வெள்ளை மூடி: 12, 4, 8. நீல மூடி: 1, 6. முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. இரண்டாவது காதில். நான் தையல்காரி. ஊசியில் நூல் கோக்க எனக்கு இரண்டாம் தடவை தேவைப்பட்டதில்லை. இந்தக் குப்பியைப் பிடித்தால் மட்டும் கை உதறுகிறது. மூன்றாவது சொட்டு உள்ளே போனது.

ஜனவரி 7, புதன்

வெள்ளை: 6, 10, 2, 6. நீலம்: 7, 1, 8. வலி இருக்கிறது. கண் திறக்கவில்லை. இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கல்யாண வீட்டு ரவிக்கை நான்கு பாக்கி. கை வைக்கவில்லை. பயமாக இருக்கிறது. வேறொன்றும் எழுத இல்லை.

ஜனவரி 8, வியாழன்

சொட்டு எல்லாம் நேரத்துக்கு. வீக்கம் ஒரு பொட்டு குறைந்தது போலத் தெரிகிறது, தெரியவில்லை போலவும் இருக்கிறது.

என் நாத்தனார் இந்திராணி வந்தாள். இவருக்கு அக்காள். அடுத்த தெருவில் இருந்துகொண்டு என் வீட்டுக் குழம்பில் உப்பு சரியில்லை என்று அங்கிருந்தே சொல்லக்கூடியவள். தம்பியைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதாள். அழுது முடித்ததும் ஆரம்பித்தாள். என் வீட்டுக் கொல்லையில் நந்தியாவட்டை மரமாக நிற்கிறதாம், பூத்துக் கொட்டுகிறதாம், நான் கூட்டி வாரி எறிகிறேனாம். பூவைப் பித்தளைக் கிண்ணத்தில் சாயங்காலமே ஊறப்போட்டு, விடிந்ததும் அந்தத் தண்ணீரை இரண்டு சொட்டு கண்ணில் விட்டு, பூவை மூடின கண் மேல் வைக்க வேண்டுமாம். அவள் மாமனாருக்கு அப்படித்தான் பார்வை வந்ததாம்.

நாங்கள் எல்லாரும் கண்வலிக்கு நந்தியாவட்டை வைத்து வளர்ந்தவர்கள்தான். என் அம்மாவும் எனக்கு வைத்திருக்கிறாள். அந்தக் குளிர்ச்சி எனக்கும் தெரியும். ஆனால் டாக்டர் ஒன்றும் போடக் கூடாது என்றாரே என்றேன். "அந்தப் பொண்ணு புஸ்தகத்துல படிச்சிருக்கும். தில்லைப்பாலை அது கண்ணால பாத்திருக்குமா?" என்றாள் இந்திராணி.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவள் பேச்சைக் கேட்டு நான் ஒரு காரியம் செய்ததில்லை. இதற்கும் கேட்கப்போவதில்லை.

ஜனவரி 9, வெள்ளி

வெள்ளை: 6, 10, 2, 6. நீலம்: 7, 1, 8.

நேற்றுச் சாயங்காலமே நந்தியாவட்டை பறித்து வைத்தேன். இருபது பூ. இன்று வெள்ளிக்கிழமை, சாமிக்கு. பித்தளைக் கிண்ணத்தையும் அப்போதே புளி போட்டுத் தேய்த்து வைத்தேன். வெகு நாளாகப் பரணில் கறுத்துக் கிடந்தது.

இன்று ஒரு ரவிக்கை முடித்தேன்.

ஜனவரி 10, சனி

கண் திறந்தார்!

கீற்றுப்போலத்தான். ஆனாலும் திறந்தார். நான் எதிரே நின்று, என்ன கலர் புடவை சொல்லுங்கள் என்றேன். பச்சை என்றார். பச்சைதான். அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். எதனால் திறந்தது என்று எனக்குத் தெரியும். டாக்டர் தன் சொட்டுதான் என்று நினைத்துக்கொள்ளட்டும், எனக்கென்ன.

சொட்டு எல்லாம் நேரத்துக்கு. பூ பறித்தேன்.

ஜனவரி 11, ஞாயிறு

இன்று அவர் பேச்சுக்கு வந்துவிட்டார். படுத்துப் படுத்து முதுகு வலிக்கிறதாம், காட்டுக்குப் போகாமல் கை கால் ஓடவில்லையாம். இருபத்து நான்காம் தேதி பறவைக் கணக்கெடுப்பு. ஒப்பந்தக்காரனுக்குக் கண் தெரியாவிட்டால் அடுத்த வருஷம் ஒப்பந்தம் இருக்காது என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அது சொல்லாமலே கேட்கிறது. நான் போய்க் கரையில் நின்று என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டுமாம். நான் இந்த ஊருக்கு வந்து பதினேழு வருஷம். அந்தப் பக்கம் எனக்கு வேலையே இருந்ததில்லை. சரி, மனுஷன் ஆசையாகக் கேட்கிறார் என்று போனேன்.

மேட்டில் புன்னை பூத்திருந்தது. அது வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பூவரசு தாண்டினால் இரண்டு பக்கமும் தில்லை. இந்த மாதத்தில் அதன் இலை பழுத்துச் செக்கச்செவேலென்று ஆகிவிடும். வெளியூர்க்காரர்கள் அதன் அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எனக்கு ஒவ்வொரு இலைக் காம்பிலும் பால் நிற்பது போலவே தெரிந்தது. முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்தே நடந்தேன். பாதி வழியில் கன்னத்தில் ஒரு சொட்டு விழுந்தது. பனித்தண்ணீர்தான். அது பனித்தண்ணீர்தான் என்று இப்போது எழுத முடிகிறது. அப்போது நான் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். வீட்டுக் குழாயடியில் அரை மணி நேரம் முகம் கழுவினேன். கரைக்குப் போகவே இல்லை.

அவரிடம் போய்ச் சொன்னேன்: கூழைக்கடா பத்துப் பன்னிரண்டு நிற்கிறது, நத்தைகுத்தி நாரை ஏகப்பட்டது, சேற்றில் தாவும் மீன் கரையெல்லாம் துள்ளிக்கொண்டிருக்கிறது என்று. அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"தண்ணி ஏறியிருக்கிற நேரம்ல, மணி. சேறே வெளிய தெரியாதே."

மணி என்றுதான் அவர் என்னைக் கூப்பிடுவார். அதற்கு மேல் கேட்கவில்லை. கூழைக்கடாக் கதையைத் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

ஜனவரி 12, திங்கள்

வெள்ளை: 6, 10, 2, 6. நீலம்: 7, 1, 8. பூ பதினைந்து. எங்கள் வீட்டில் சாமி படம் நான்கு.

சாயங்காலம் கண்ணில் மணல் கிடப்பது மாதிரி உறுத்துகிறது என்றார். வெளுத்த சிவப்பாக இருந்தது, இப்போது நல்ல சிவப்பு. தூசி பட்டிருக்கும்.

ஜனவரி 13, செவ்வாய்

தூசி இல்லை.

காலையில் இமையைப் பிரித்துப் பார்த்தேன். கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி. அரிசிக் குருணை அளவு. துடைத்தால் போகுமா என்று பார்த்தேன், போகாது, அது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஜெகபர் அண்ணன் ஆட்டோ பிடித்து வந்தார்.

டாக்டர் கண்ணில் மரப்பு மருந்து விட்டு, அந்த இடத்தை லேசாகச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி உள்ளே அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். பூஞ்சைக் காளான் என்றார். பழைய ஊறுகாயில் பூக்குமே, அந்த வகையறா. கண்ணில் வளர்கிறதாம்.

ஆறிக்கொண்டு வந்த கண்ணில் இது எப்படி வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. வெட்டின கிளையிலிருந்தே வந்திருக்கலாம் என்றார். பிறகு என்னிடம் கேட்டார், கண்ணில் ஏதாவது விட்டோமா என்று. இலைச்சாறா, எண்ணெயா, தாய்ப்பாலா என்று வரிசையாகக் கேட்டார். பூவா என்று கேட்கவில்லை. கேட்டதற்கெல்லாம் இல்லை என்றேன்.

புது மருந்து, மணிக்கு ஒரு தடவை. மஞ்சள் மூடி. பால் மாதிரி இருக்கிறது. குலுக்கிவிட்டு விட வேண்டும். நான் குலுக்கவே வேண்டாம், பிடித்தால் போதும், அதுவே குலுங்கிக்கொள்கிறது.

ஜனவரி 14, புதன்

போகி. தெருவில் பழைய பாய், டயர் எல்லாம் கொளுத்துகிறார்கள். ஜன்னல், கதவு எல்லாம் சாத்திவிட்டேன். தில்லை விறகுப் புகை பட்டாலும் கண் போகும் என்பார்கள். எவனாவது தெரியாமல் அதைப் போட்டு எரித்துவிடப் போகிறான் என்று நானே போய் ஒவ்வொரு வீட்டுக் குவியலையும் கிளறிப் பார்த்துவிட்டு வந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும்.

மஞ்சள்: 6, 7, 8, 9, 10, 11, 12, 1, 2, 3, 4, 5, 6, 7, 8. பாதிக்கு மேல் கன்னத்தில்.

இந்திராணி வந்து, வச்சியா என்று கண்ணாலேயே கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுக்குச் சந்தோஷம் கொடுக்க நான் தயாரில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் பொங்கியது. நான் பார்க்கவில்லை, சொட்டு நேரம். பூ நாற்பது. மரத்தில் மொட்டுதான் மிச்சம்.

ஜனவரி 16, வெள்ளி

புள்ளி உளுந்து அளவு ஆகிவிட்டது. எதிரே நின்று என்ன கலர் புடவை என்றேன். வெகு நேரம் பார்த்தார். கலர் தெரியவில்லை, நீ நிற்கிறது தெரிகிறது என்றார். அது இடது கண்ணுக்கே தெரியும்.

யாருக்கும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எனக்கு ஒரு பயம். அவருக்குக் கண் போய்விட்டால் காடு போகும், படகு போகும். நாங்கள் இரண்டு பேர்தான், பிள்ளை இல்லை. தையலை வைத்து நான் சோறு போட்டுவிடுவேன். அது பயமில்லை. இந்த மனுஷன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தலைக்கு மேல் எதுவோ பறந்து போகிற சத்தம் கேட்டு, என்ன பறவை மணி அது என்று கேட்பாரே. எனக்குப் பேர் தெரியாதே. அதை நினைத்தால்தான்.

காலையில் பூத்தண்ணீர் விடும்போது இதமாக இருக்கிறது என்றார். எந்தச் சொட்டு என்று கேட்கவில்லை. மஞ்சள் மூடி எரிகிறது என்கிறார். இதமாக இருப்பது கெடுதல் செய்யுமா? கல்லும் முள்ளுமாகவா இருக்கிறது, பூதானே.

ஜனவரி 17, சனி

விடிந்ததும் பூ வைத்தேன். எட்டு மணிக்கு அவர் தலையைப் பிடித்துக்கொண்டு முனக ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மாடியில், கடைசிக் கட்டில்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் அந்தக் காளானைக் காட்டினார். நூல் நூலாக இருக்கிறது. பதினைந்து வருஷம் நூலோடு பிழைத்தவளுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. இந்தக் காளானுக்கு இந்த மருந்து கேட்க வேண்டும், நான்கு நாள் ஆகியும் கேட்கவில்லை என்றார். அப்படியே விட்டால் கண் ஓட்டையாகிவிடும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கருவிழியை வெட்டி எடுத்துவிட்டு, இறந்துபோன ஒருவரின் கருவிழியை வைத்துத் தைக்க வேண்டும். இப்படிக் காளான் பிடித்த கண்ணில் அது ஒட்டுவது பாதிக்குப் பாதிதான் என்றார்.

பிறகு திரையைப் பார்த்துக்கொண்டு, என்னிடம் சொல்கிற மாதிரி இல்லாமல், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னார்: "ஒரு தடவ பட்ட கிளையில இருந்து இவ்ளோ வராது. தினம் யாரோ விதைக்கிற மாதிரி வந்துகிட்டே இருக்கு."

நான் சரிங்க டாக்டர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டில் உட்கார்ந்தேன். வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டிலிருந்து துணி எடுத்து வரப் போனபோது அந்தக் கிண்ணத்தைப் பார்த்தேன். காலையில் அவசரத்தில் கழுவாமல் விட்டது. பூவெல்லாம் பழுப்பாகிக் கிடந்தது. தண்ணீர் மேல் மெல்லிசாக ஆடை படிந்திருந்தது. அதில் விரலை வைத்தேன். வழவழவென்று இருந்தது. ஒன்பது நாள், தினம் காலையில்.

ஜனவரி 18, ஞாயிறு

எட்டு நாள் என்று நினைத்துப் பார்த்தேன், இல்லை, ஒன்பதுதான். ஒன்பதாம் தேதியிலிருந்து பதினேழு வரை. ஒரு நாள்கூட விடவில்லை.

இங்கே ஆஸ்பத்திரி மதில் ஓரமும் நந்தியாவட்டைதான் வைத்திருக்கிறார்கள். வெள்ளை வெளேரென்று பூத்திருக்கிறது. டீ வாங்கப் போனவள் அதன் எதிரே நின்றுவிட்டேன். கை அது பாட்டுக்கு நீண்டது. இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

யோசித்துப் பார்க்கிறேன். பூ வைப்பதை நிறுத்தியாயிற்று. இனி நான் எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால் என்ன ஆகும்? டாக்டர் வெளியே போ என்பார். வார்டு முழுக்கத் தெரியும். இவருக்குத் தெரியும். தில்லைப்பால் பட்ட கண் ஆறிக்கொண்டுதானே வந்தது, பச்சைப் புடவை தெரிந்ததே, அதைக் கெடுத்தது கட்டினவள் என்று தெரியும். அதற்கப்புறம் நான் எந்த முகத்தோடு அவருக்குச் சோறு பிசைந்து கொடுப்பேன்?

சொல்லாவிட்டால் என்ன ஆகும்? மருந்து தோற்றுவிட்டது என்று டாக்டர் நினைக்கிறார். மருந்து தோற்கவில்லை. மணிக்கு மணி மருந்து கொன்றதை நான் காலைக்குக் காலை திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். இனி சேர்க்காவிட்டால் அந்த மருந்தே கேட்டுவிடலாம். ஆனால் அது டாக்டருக்குத் தெரியாது. நாளைக்குப் பத்து மணிக்கு வெட்டிவிடுவார்.

இந்திராணி போன் செய்தாள். அவள் மேல் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவள்தான் சொன்னாள் என்றால் முடிந்தது. ஆனால் அவள் ஒரு தடவை சொன்னாள், அவ்வளவுதான். பறித்தது, ஊறவைத்தது, விட்டது எல்லாம் நான்.

டாக்டர் இன்று இரண்டு தடவை கட்டிலுக்கு வந்தார். இரண்டு தடவையும் எழுந்து நின்றேன். வாய் திறந்தேன். சாப்பிட்டீங்களா டாக்டர் என்றுதான் வந்தது.

ஜனவரி 19, திங்கள்

ஏழு மணிக்கே பச்சை அங்கி போட்டுவிட்டார்கள். தலைக்குத் துணித் தொப்பி. கண்ணுக்கு மேல் மார்க்கர் பேனாவால் அம்புக்குறி போட்டார்கள். அந்த அம்பைப் பார்த்ததும் பையிலிருந்து இந்த நோட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

எட்டரைக்கு டாக்டர் வந்தார். இந்த நோட்டை நீட்டினேன். சொட்டுக் கணக்கெல்லாம் அப்புறம் பார்க்கிறேன் என்றார். நான் கையை மடக்கவில்லை. அவர் நகர்ந்தார், நானும் கூடவே நகர்ந்தேன்.

"இப்பவே படிங்க டாக்டர். வெட்டறதுக்கு முன்னால படிங்க."

நின்றபடியே படித்தார். ஆறாம் தேதிப் பக்கத்தில் முகம் கொஞ்சம் சிரித்தது. ஒன்பதாம் தேதிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பன்னிரண்டை இரண்டு தடவை படித்தார். பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். யாரோ வாளி இழுத்துக்கொண்டு போனார்கள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியாக எப்போது வைத்தீர்கள் என்று கேட்டார். சனிக்கிழமை விடியற்காலை என்றேன். நேற்றும் இன்றும் இல்லையே என்றார். இல்லை என்றேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. இவரை உட்காரவைத்து, விளக்கு வைத்த கருவியில் கண்ணை வெகு நேரம் பார்த்தார். சனிக்கிழமை எடுத்த படத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

பிறகு தியேட்டருக்குப் போன் செய்து, பத்து மணி கேஸ் இன்றைக்கு இல்லை என்றார். என்னிடம் சொன்னார், மருந்து கேட்கவில்லை என்று நினைத்துத்தான் வெட்டப் போனாராம். மருந்துக்கு இன்னும் சரியான வாய்ப்பே கிடைக்கவில்லையாம். சனிக்கிழமைக்கு இன்று ஓரம் கொஞ்சம் மழுங்கியிருக்கிறதாம், ஒரு மயிரிழைதான், அதை நம்பி மூன்று நாள் பொறுக்கலாமாம். அதிலும் பெருகினால் வெட்டியே ஆக வேண்டும், சரியானாலும் தழும்பு நிற்கும், பழைய பார்வை முழுசாக வராது என்றார். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

இவ்வளவு நேரமும் இவர் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு, தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என்னால் அவர் பக்கம் திரும்ப முடியவில்லை. டாக்டர்தான் அவரிடம் கேட்டார், கண்ணில் பூவை வைத்தது உங்களுக்கே தெரியவில்லையா என்று.

"தெரியும் டாக்டரம்மா."

"நான் வேற எதுவும் வைக்கக் கூடாதுன்னு உங்க முன்னாலதானே சொன்னேன். அப்ப ஏன் சொல்லல?"

இவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சொட்டு விடுறப்ப அவளுக்குக் கை உதறும். நாள் பூரா உதறும். பூ வைக்கிறப்ப மட்டும் உதறாது. அந்த ஒரு நேரந்தான் அவ பயமில்லாம இருந்தா. அதைப் போயி வேணாம்னு எப்படிச் சொல்றது?"

டாக்டர் நோட்டை மூடி என்னிடம் கொடுத்தார். அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஜனவரி 20, செவ்வாய்

ராத்திரிச் சொட்டெல்லாம் நர்ஸ் விட்டார். பகலுக்கும் தானே விடுகிறேன் என்றார். இவர்தான், வேண்டாம், அவளே விடட்டும் என்றார். நர்ஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குப்பியைக் கொடுத்தார்.

காலை 6. மஞ்சள். கை உதறியது. கன்னத்தில் விழுந்தது. திரும்ப விட்டேன்.

7. மஞ்சள். கை உதறியது. இரண்டாம் தடவை உள்ளே போனது.

8. மஞ்சள். கை உதறியது. அவர் தட்டுத் தடவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முதல் சொட்டே உள்ளே போனது. எரிகிறது என்றார். பிடித்த கையை விடவில்லை.